கண்மாய்க் கரையில் மலையேற்றம்

அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தங்கை. தங்கையின் கணவர், அதாவது என் சகலை. நூல் கடைக் கணக்கர்.

என் தறிக்கூடத்தில்தான் உட்கார்ந்தோம். பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்டு இல்லை. நாலு விசைத்தறியும் நின்றிருந்தன. அந்த மாதிரி நாளில்தான் எங்கள் தெருவில் மனிதர்கள் உட்கார்ந்து பேச முடியும். மற்ற நாளில் கையைக் காட்டுவோம், உதட்டைப் பார்ப்போம். அதுவே பழகிவிட்டது.

பேச்சு பூப்பள்ளத்தாக்கைப் பற்றியது. வடக்கே இமயமலையில், பத்ரிநாத் போகும் வழியில் இருக்கிறது. கடைசி வரைக்கும் பஸ் கிடையாது. கோவிந்த்காட்டில் இறங்கி ஒரு நாள் மலை ஏறி, காங்கரியா என்ற ஊரில் தங்க வேண்டும். மறுநாள் இன்னும் ஏறினால் பள்ளத்தாக்கு. அங்கே இரவு தங்க விடமாட்டார்கள். பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல் கண்ணுக்கு எட்டின மட்டும் பூ.

அதைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. போனில் வந்த வீடியோ. ஒரு மாதம் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்.

"இங்க ஒருக்கா போகணும்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டது அதுதான். சரி என்றேன்.

கணக்கர் ஒரு தடவை பத்ரிநாத் போய் வந்தவர். அரைகுறையாக இந்தி தெரியும். அதனால் அவர்தான் எங்களுக்குத் தலைவர். சகலை எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வருஷம் தவறாமல் சதுரகிரி ஏறுவார். அதனால் உலகத்தில் உள்ள எல்லா மலையும் தனக்குத் தெரியும் என்று பேசுவார்.

"எப்பப் போறது?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

"ஆடியில" என்றார் கணக்கர். "அப்பத்தான் பூவு. நமக்கும் அப்ப ஆர்டரு இருக்காது."

"ஆடின்னா காத்துல்ல அடிக்கும்" என்றார் சகலை. "வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிரணும். வேற ஒண்ணுமில்ல."

எல்லாரும் தலையாட்டினோம். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இட்லிப் பொடி என்று பேச்சு ஓடியது. மழையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கம் ஆடியில் காற்றுதான். மண்ணை அள்ளித் தட்டில் போடும். மழை ஐப்பசிக்கு. அதுவும் வந்தால் உண்டு.

டிக்கெட் எடுத்த பிறகுதான் கொழுந்தியாள் ஓடி வந்தாள்.

"அத்தான், அங்க ஆடியிலதான் மழையாம். விடாமப் பெய்யுமாம். ரோட்டுல மல சரிஞ்சு விழுகுமாம்."

"ஆடியில எவன்டி மழையப் பாத்தான்?" என்றார் சகலை.

"பெறகு அம்புட்டுப் பூவும் எதுல பூக்குது? ஒன் ஆட்டோப் பொகையிலயா?"

கணக்கர் தலையைச் சொறிந்தார். அவர் போனது வைகாசியில்.

என் மனைவிதான் முடிவாகச் சொன்னாள். "நனஞ்சா நனஞ்சுட்டுப் போறோம். நாம மழையப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

டவுனில் மழைக் கோட்டு கேட்டபோது கடைக்காரர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. பரணில் ஏறித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

மலை ஏறப் பழக வேண்டும் என்று கணக்கர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் மேடு என்றால் கண்மாய்க் கரை ஒன்றுதான். சரிவில் ஏறுவது, கரையோடு மடை வரைக்கும் நடப்பது, இறங்குவது, மறுபடி ஏறுவது. முதுகில் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பை. பாரத்துக்கு அதில் நூல் கோன்கள். கண்மாயில் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலந்தான். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, நூல நடந்தே கொண்டு போறீகளா? வண்டி இல்லையா?" என்று கேட்டார்.

முதல் நாள் விடிகாலை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் நடுவில். எனக்குப் பின்னால் என் மனைவி. எங்கேயோ தகரத்தில் கயிறு உரசுகிற மாதிரிச் சத்தம். ஆடு ஏதும் முள்ளில் மாட்டிக்கொண்டதோ என்று பார்த்தேன். ஆடு இல்லை. நான் நின்றால் சத்தம் கிட்ட வந்தது. திரும்பினேன். அவள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். சத்தம் அவளுடைய மூச்சு.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. போங்க."

"எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். போங்க, அவுக தூரமாப் போயிட்டாக."

கொஞ்ச நாள் இல்லை. மூன்று வருஷமாக இருக்கிறது என்று பிறகுதான் சொன்னாள். அவள் எங்கள் கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சியில் நூல் சுற்றுவதைத் தார் சுற்றுவது என்போம். எனக்கு நாலடி தள்ளித்தான் அவள் மிஷின். மூன்று வருஷம் அந்த நாலடியில் அவள் இருமியிருக்கிறாள், இழுத்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. தறி ஓடினால் யாருக்கும் எதுவும் கேட்காது.

மதுரையில் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார். வராந்தாவில் நடக்கச் சொல்லி, விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்.

"தறி ஓடாத நாள்ல எப்படிம்மா இருக்கும்?"

"நல்லா இருக்கும்."

"மறுநாள் ஓடுனா?"

"அன்னைக்குத்தான் ரொம்பக் கட்டும்."

அவர் தலையாட்டினார். பஞ்சுத் தூசி என்றார். கூடத்துக்குள் இனிமேல் போகக் கூடாது என்றார். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை. இமயமலையைப் பற்றிக் கேட்டாள்.

"அங்க காத்து கம்மிம்மா. மூச்சுத் திணறுனா ஆஸ்பத்திரிக்கு எறக்கிக் கொண்டு வரவே ஒரு பொழுது போயிரும். வேணாம்."

"நடக்காம, கோவேறு கழுதையில ஏறிப் போனா?"

"உங்க காலு நல்லாத்தான் இருக்கு. மூச்ச எந்தக் கழுதையும் சுமக்காது."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காரியாபட்டி தாண்டியதும் பேசினாள்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிராதீக."

"ஏன்?"

"நான் வரலன்னா அவளும் நின்னுருவா. சீக்காளி அக்காவ விட்டுட்டுப் போவாளா? அவ போகணும்."

"பெறகு என்னன்னு சொல்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து எங்கள் தெரு அம்மன் கோயில் பொங்கலுக்கு நாள் குறித்தார்கள். ஆடியில், நாங்கள் ரயில் ஏற வேண்டிய அன்றைக்குச் சாயங்காலம் காப்புக் கட்டு. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் அப்போது ஊரில் இருக்கிறவர்கள் பொங்கல் முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அதற்கு முன்னால் கிளம்பிப் போனவர்களுக்குக் கட்டு இல்லை. கணக்கர் உடனே கணக்குப் போட்டார். மத்தியானமே ஊரை விட்டு வெளியேறிவிட வேண்டும். மதுரையில் போய் ரயிலுக்குக் காத்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் என் மனைவி தங்கையிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் வரல. எனக்குப் பால்குடம் நேத்திக்கடன் இருக்கு. கையில காப்புக் கட்டணும்."

"எப்ப நேந்த?"

"நேந்தேன்."

"எதுக்கு நேந்த?"

"அதையெல்லாம் சொல்லக் கூடாது."

தங்கைக்கு அழுகையும் கோபமும் வந்தது. "போகணும் போகணும்னு எங்க உசுர வாங்குனவ நீ. இப்ப ஆத்தாவுக்கு ஒன்ன விட்டா ஆளே இல்லையா? அடுத்த வருசம் எடு. ஆத்தா எங்கயும் ஓடிற மாட்டா."

"பூவும் எங்கயும் ஓடிறாது" என்றாள் என் மனைவி.

சாமி காரியம் என்றால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. அவள் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். சாமியிடம் பொய் சொன்னதா, சாமியை வைத்துப் பொய் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என்னைப் போகச் சொன்னாள். பாத்துட்டு வந்து சொல்லுங்க என்றாள். என் பையை அவளே கட்டினாள். மழைக் கோட்டை மேலே வைத்தாள்.

ரயில் ஏற வேண்டிய அன்று மத்தியானம் சகலையின் ஆட்டோவிலேயே கிளம்புவதாக ஏற்பாடு. மூன்று பேரின் பைகளையும் ஏற்றிக் கொடுத்தேன். என் பையை ஏற்றவில்லை.

"ஏறுங்க சகல, நேரமாச்சு."

"தறியில பட்டறக்கட்ட ஒடஞ்சுபோச்சு. ஆசாரி நாளைக்குத்தான் வாராரு. நீங்க போங்க."

"அதெல்லாம் வந்து பாக்கலாம்."

"போங்க."

சகலை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஆட்டோ போனது.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பெண்கள் வரிசையில் அவள் மஞ்சள் சேலையில் நின்றாள். நான் ஆண்கள் வரிசையில் கடைசியில் நின்றேன். பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டும்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஒங்கள யாரு கட்டச் சொன்னா?"

"கட்டுனாக. கையக் குடுத்தேன்."

"ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சே" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பால்குடத்தன்று ஊர்வலத்தில் கடைசி ஆளாக வந்தாள். அடி அடியாக எடுத்து வைத்தாள். எவ்வளவு பக்தியாக நடக்கிறாள் பார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் ஒரு சொம்பில் தண்ணீரோடு கூடவே நடந்தேன்.

அங்கிருந்து போன் வந்தது. மலை சரிந்து ரோடு அடைத்துவிட்டது, ஜோஷிமட்டில் அறையில் கிடக்கிறோம், துணி ஒன்றும் காயவில்லை என்றார் கணக்கர். பிறகு ரோடு திறந்தது. ஏறினார்கள். கொழுந்தியாள் வீடியோ அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு என் மனைவி கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். டாக்டர் சொன்னதை அப்போது இரண்டு பேருமே மறந்துவிட்டோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. போனில் தங்கை வாயசைத்து ஏதோ சொன்னாள். அப்புறம் முழுக்க மேகம். மேகம் விலகின இடத்தில் ஊதாவும் வெள்ளையுமாகக் கொஞ்ச நேரம் பூ. மறுபடி மேகம்.

திரும்பி வந்த பிறகு தங்கைக்கு உண்மை தெரிந்துவிட்டது. மேஜையில் இருந்த, மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்தைப் பார்த்துவிட்டாள். பத்து நாள் அக்காவோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

தார் சுற்ற வேறொரு பெண் வருகிறாள். மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். வேர்க்கிறது என்று கழற்றி மிஷின் மேல் வைத்துவிடுகிறாள். அவள் இருமினாலும் எனக்குக் கேட்காது. அதனால் மணிக்கு ஒரு தடவை போய் முகத்தைப் பார்க்கிறேன். என்ன முறைக்கிறீக என்று கேட்கிறாள்.

அடுத்த ஆடிக்குப் போக முடியுமா என்று டாக்டரிடம் கேட்டோம். தினமும் மெதுவாக நடக்கட்டும், தையில் வாருங்கள், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் நடக்கிறாள். பை இல்லாமல், கரையோடு மடை வரைக்கும். நானும் போகிறேன். முன்னால் போவதில்லை. மூச்சு கட்டினால் நிற்பாள். நானும் நிற்பேன். கார்த்திகை முழுக்க, தினமும் போய்த் திரும்புவதற்குள் ஏழு இடத்தில் நின்றாள்.

இப்போது மார்கழி. பனி இறங்குகிறது. இன்று காலை வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கின பிறகு கேட்டாள்.

"இன்னைக்கு எத்தன எடத்துல நின்னேன்?"

"எண்ணல" என்றேன்.

ஒன்பது.