இந்தக் குண்டிகுங் நான் கொடுத்தது

அமெரிக்கக் கால்பந்து பொம்பிளையளுக்கு விளங்காது என்று என்னிடம் சொன்ன ஆண்கள் பலர். அவர்களில் பாதிப் பேருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

ஹனோவரில் ஒரு துப்புரவு நிறுவனத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். முதலாளி யாழ்ப்பாணத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. ஞாயிறு மாலைகளில் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார், பெரிய தொலைக்காட்சியில் ஆட்டம் போடுவார். சோற்றுக்குப் போன எனக்கு ஆட்டம் பிடித்துவிட்டது.

எனக்குப் பிடித்த வீரன் பந்தைத் தொடாதவன். பந்து எறிகிறவனுக்கு முன்னால் நின்று, அவனுக்கு வருகிற அடியைத் தன் நெஞ்சில் வாங்குகிற பெரிய உடம்புக்காரன். அவன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அவனை ஒருவரும் கவனிப்பதில்லை. கழிப்பறை சுத்தமாக இருந்தால் கழுவினது யார் என்று யாராவது கேட்கிறார்களா?

மார்ச் மாதத்தில், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம். என் ஆள் போனான். அண்ணையின் அணியை விட்டு, கூடச் சம்பளம் தந்த அணிக்கு. அடுத்த நாள் காலை எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வானை ஓட்டிக்கொண்டே அண்ணைக்கு அதே கதைதான்.

"பாத்தியே பிள்ளை, காசைக் காட்டினவுடனை ஓடிட்டான். துரோகி."

"அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்தானே அண்ணை," என்றார் பின்னாலிருந்த மன்னார் அக்கா. நானும் அவரும் ஒரே கட்டடத்தைக் கழுவுகிறவர்கள்.

"நீ சும்மா இரு. உனக்குப் பந்து எந்தப் பக்கம் போகுதெண்டே தெரியாது."

"பந்து எந்தப் பக்கம் போனால் என்ன, காசு ஒரு பக்கம்தானே போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆட்களிடையே துரோகி என்பது சின்னச் சொல் இல்லை. அந்தச் சொல் விழுந்த வீடுகளுக்கு ஊரில் என்ன நடந்தது என்று வானில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"முழங்கால் போன ஒருத்தனை, ஒப்பந்தம் இருக்கேக்கையே உங்கடை ரீம் போன வருசம் வெளியிலை விட்டது. அதுக்கு என்ன பேர் அண்ணை?" என்று கேட்டேன்.

"அது பிஸ்னஸ். சம்பளச் செலவுக்கு ஒரு எல்லை இருக்கு. எல்லா ரீமுக்கும் ஒரே எல்லை. மீற ஏலாது."

அந்த எல்லையை எனக்கும் தெரியும். இடமில்லை என்று கை விரிக்கிற அணிதான், ஆசைப்பட்ட ஆள் வந்ததும் பழைய ஒப்பந்தங்களின் செலவை வரும் வருடங்களுக்குத் தள்ளி இடம் எடுக்கும். அண்ணையும் அப்படித்தான். மூன்று வருடம் சம்பள உயர்வு கேட்டேன். மூன்று வருடமும் "கை இறுக்கம் பிள்ளை" என்றார். பிறகு வேறு நிறுவனத்திலிருந்து ஒருவனை மேற்பார்வைக்கு எடுத்தார், காரும் கொடுத்து. அவனுக்கு வேலை பழக்கினது நான்.

அன்று காலை என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, இன்னொரு நிறுவனம் மேற்பார்வை வேலைக்குத் தந்த ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். மற்றது, அண்ணைக்கு எழுதிய குண்டிகுங். ஒரு வாரமாக அதைக் காவிக்கொண்டு திரிந்தேன். ஏனென்றால், நான் விசாவுக்கு அன்ட்றாக், அதுதான் விண்ணப்பம், போட்ட காலத்தில் எனக்கு வேலை இருக்கிறது என்று கடிதம் தந்தவர் அண்ணைதான். அது உண்மை. அதை ஒருநாளும் அவர் என்னை மறக்க விட்டதில்லை என்பதும் உண்மை.

ஜேர்மன்காரருக்குக் குண்டிகுங் என்றால் வேலையை முறிக்கிற கடிதம். முதலாளி கொடுத்தாலும் அதே சொல், தொழிலாளி கொடுத்தாலும் அதே சொல். அண்ணைக்கு மட்டும் அது ஒருவழிப் பாதை. ஆட்களை நிற்பாட்டும்போதெல்லாம், "குண்டியிலை ஒரு உதை, அதுதான் குண்டிகுங்" என்பார். நாங்களும் சிரிப்போம். உதை யாருக்கு விழுந்தது என்று யோசிக்காமல் நானும் சிரித்திருக்கிறேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

வான் நின்றது. இறங்கி அவருடைய கதவுப் பக்கம் போய்த் தாளை நீட்டினேன்.

"என்னது?"

"குண்டிகுங்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "நான் உன்னை நிப்பாட்டேல்லையே."

"நீங்கள் இல்லை அண்ணை. நான் தாறன்."

வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "அப்ப நீயும் துரோகி. அந்தக் கடிதம் தராட்டி நீ இண்டைக்கு எங்கை?"

"அந்தக் கடிதத்துக்குப் பதினொரு வருசம் கழுவிட்டன். இன்னும் மிச்சம் இருந்தால் சொல்லுங்கோ."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை இனி வீட்டுப் பக்கம் வராதை," என்றார்.

"என்ரை வீட்டிலையும் ரீவி இருக்கு."

மன்னார் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு, "அப்ப இனிச் சோறு ஆர் போடுறது?" என்றார். அண்ணை அவரை முறைத்தார். அக்கா என்னோடு உள்ளே நடந்தார்.

புது இடம் சொர்க்கம் இல்லை. அங்கே முதலாளி ஒரு ஜேர்மன்காரர். முதல் நாளே கையைக் குலுக்கி, "இங்கே நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்" என்றார். குடும்பம் என்றதும் எனக்கு உசார் வந்துவிட்டது. அந்தக் குண்டிகுங்கின் பிரதி என் கணினியில் இருக்கிறது. பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.