நாகம்மாவின் பச்சைக் கெபாயாவும் பாக்கி இருந்த நாலு படமும்

பிலிம் கேமரா மறுபடியும் வந்துவிட்டதாம். போன மாதம் இந்த வலைப்பூவில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: மலாக்காவில் எடுத்த பிலிமை எங்கே கொடுத்துக் கழுவி ஸ்கேன் செய்வது? கடைப் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. எண்பத்தொன்பது வயதில் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்க்கக் கால் இல்லை. ஆனால் கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டு கற்றிருக்கிறேன். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1958 மார்ச் மாதம், தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன பயணம் அது.

அப்போது தம்பினில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான். கப்பலில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் கலர் பிலிம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். மொத்தம் இருபது படம். எடுத்து முடித்தால் தபாலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டும். கழுவித் திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். அதனால் ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணி எடுத்தேன். கஞ்சத்தனம் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஜனவரியில், போகி அன்று, மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் கோபால் பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன். மலாக்கா கல்வி அலுவலகத்தில் குமாஸ்தா அவர். என் மாற்றல் தாள்களைப் பார்த்துக் கொடுத்ததில் பழக்கம். கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளில் ஒருவர். கும்பிடுவது நம் சாமிகளைத்தான். வீட்டில் பேசுவது மலாய். அவர் பேசியதை எல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு அவர் மனைவி நாகம்மாவையும் மடியில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தை சாவித்திரியையும் உட்கார வைத்து கேமராவைத் தூக்கினேன். "கலர் படமா?" என்றார் நாகம்மா. ஆமாம் என்றேன். "அப்படியென்றால் பொறுங்கள்" என்று உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்துப் பச்சைக் கெபாயாவில், அந்த ஊர்ப் பெண்கள் விசேஷத்துக்குப் போடும் நீள ரவிக்கையில், வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று எடுத்திருக்கலாம்; எடுக்கவில்லை.

மார்ச்சில் கோபாலிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. காய்ச்சலில் நாகம்மா போய்விட்டார். அவர்களிடம் இருந்த ஒரே படம், கல்யாணப் படம், முந்தின வருட வெள்ளத்தில் ஊறி அழிந்திருந்தது. 'சிக்கு எடுத்த படம் இருக்கிறதா? பதினாறாம் நாளுக்குள் வேண்டும்' என்று எழுதியிருந்தார். ஆசிரியர் என்பதால் என்னை 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். அட்டை வந்தது ஒன்பதாம் நாள். படம் கேமராவுக்குள்ளேயே இருந்தது. நாலு படம் பாக்கி இருக்கிறதே, அது முடியட்டும் என்று இரண்டு மாதம் சும்மா வைத்திருந்தேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழே காலுக்குத் தம்பினில் பஸ் ஏறினேன். இருபத்து நாலு மைல், டிக்கெட் ஒரு வெள்ளி பத்து காசு. எட்டரைக்கு மலாக்கா. முதலில் மணிக்கூண்டு பக்கம் இருந்த பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரி, மின்விசிறி, வாசலில் கூட்டம். கல்லாவில் இருந்தவர் கேமராவை வாங்கினார். என்ன பிலிம் என்று கேட்கவில்லை. எடுத்து முடித்ததா என்றும் கேட்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்று வாய் சொல்லும்போதே கை பிலிமைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டிய பிலிமை இவர் எப்படி நாளைக்கே கொடுப்பார்? கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மரியாதை இல்லாத ஆள் என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இரண்டாவது கடை, புங்கா ராயா சாலையில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அருளப்பன் என்பவர் நடத்தி வந்தார். ஐம்பது வயது இருக்கும். விரல் நகமெல்லாம் படம் கழுவும் மருந்தில் பழுத்துப்போயிருந்தது. கேமராவைத் தொடாமல் கேள்வியாகக் கேட்டார். எப்போது யாரை எடுத்தது, வெயிலா நிழலா, இரண்டு மாதம் எங்கே வைத்திருந்தாய், அலமாரியா தகரப் பெட்டியா? சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"இது கலர் பிலிம் தம்பி. என் மருந்துல போட்டா உருவம் வரும், கலர் வராது. ஒருக்கா கறுப்பு வெள்ளையா களுவிட்டா அவ்வளவுதான், அப்புறம் ஆஸ்திரேலியா இல்ல, எங்க அனுப்பினாலும் கலர் வராது. எத்தன நிமிசம் ஊறப் போடணும்னும் எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்யி."

தெரியாது என்று சொன்ன கடைக்காரரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். பிறகு அவர் கேட்டார்: "இன்னும் எத்தன படம் பாக்கி?"

"நாலு."

"நல்லதாப் போச்சு. அந்த அம்மா உக்காந்த அதே எடத்துல, அதே நேரத்துல, அதே மாரி ஆள உக்கார வெச்சு நாலையும் எடுத்துட்டு வா. அந்தத் துண்ட மட்டும் இருட்டுல வெட்டி மொதல்ல களுவிப் பாப்போம். வீணானா அதுதான் வீணாவும்."

என் கஞ்சத்தனத்தை நல்லது என்று சொன்ன ஒரே மனிதரும் அவர்தான்.

ஒரு மைல் தூரம், ரிக்‌ஷாவுக்கு முப்பது காசு. காஜா பெராங்கில் கோபால் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். அவர்தான் உள்ளே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினால் கலரில் வரும், இரண்டு மாதம் கழித்து, வழியில் தொலையாமல் இருந்தால். இங்கே கழுவினால் பதினாறாம் நாளுக்குள் வரும், நிறம் இல்லாமல். முடிவு உங்களுடையது என்றேன். அப்படிச் சொல்லிப் பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கோபால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கலர் என்றுதானே சிக்கு அவள் உடை மாற்றினாள்" என்றார். பிறகு, "பதினாறாம் நாள் அவள் வீட்டுக்கு வருவாள். வந்து சுவரில் தன்னைத் தேடுவாள். நிறம் இல்லாவிட்டால் பரவாயில்லை, முகம் இருக்கட்டும்" என்றார்.

அந்த வீட்டு வழக்கம் அது. இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை வாழை இலையில் படத்துக்கு முன் பரிமாறிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்தவர் சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது.

போகி அன்று எடுத்த அதே நேரம், மாலை ஐந்தே காலுக்கு, அதே பிரம்பு நாற்காலியை அதே இடத்தில் போட்டோம். மனைவி இருந்த இடத்தில் கோபால் உட்கார்ந்தார். சாவித்திரி தானாகவே தத்தித் தத்தி நடந்து போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். நாலு படம் எடுத்தேன். இதெல்லாம் வீணாக்கத்தான் எடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்; ஆனாலும் நாலு தடவையும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு இருவரும் ஸ்டூடியோவில் இருந்தோம். முதல் துண்டு வெறும் புகையாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் தேறியது. மூன்றாவதில் கோபாலின் காது வரைக்கும் தெரிந்தது. நாலாவதையும் அதே கணக்கில் போட்டுச் சரிபார்த்துவிட்டு, "பன்னெண்டு நிமிசம்" என்றார் அருளப்பன். மீதிச் சுருளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நானும் கோபாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு அருளப்பன் சுருளைக் கவ்வியில் மாட்டித் தொங்கவிட்டபடி எங்களைக் கூப்பிட்டார்.

நாகம்மா இருந்தார். ஈரம் சொட்டும் நெகட்டிவில் முகம் கறுப்பாகவும், கூந்தல் வெள்ளை வெளேரென்றும் இருந்தது. கோபால் கிட்டே போய்ப் பார்த்தார். நெகட்டிவ் என்றால் அப்படித்தான், அச்சுப் போட்டால் சரியாகிவிடும் என்று விளக்கப் போனேன். கையால் என்னைத் தடுத்தார்.

"கிழவி ஆகிவிட்டாள், பார்த்தீர்களா" என்றார். "அதையும் பார்த்துவிட்டேன்."

நான் வெளியே போய் நின்று அழுதேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. மறுநாள் அச்சு காய்ந்ததும் அருளப்பன், நாலு வெள்ளி கொடுத்தால் கையாலேயே நிறம் தீட்டித் தருகிறேன் என்றார். அந்தக் காலத்தில் அது சாதாரணம். கோபாலின் முகம் மலர்ந்தது. கெபாயாவைக் கொண்டுவந்து காட்ட வழியில்லை. அதை உடுத்தித்தான் நாகம்மாவைப் புதைத்திருந்தார்கள். அருளப்பன் ஒரு பீங்கான் தட்டில் பச்சையைக் குழைத்தார். சோற்றில் மணத்துக்குப் போடும் பாண்டான் இலை மாதிரி, என்றார் கோபால். இல்லை, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை, என்றேன் நான். கேமரா வழியாக உற்றுப் பார்த்தவன் நான்தானே என்ற திமிர். அருளப்பன் மாற்றிக் குழைத்தார். கோபால் தலையாட்டி மறுத்தார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரி பார்த்தார்.

"தா பாயா" என்றார், வேண்டாம் என்று. "சிக்கு ஒரு பச்சையைப் பார்த்திருக்கிறார், நான் ஒரு பச்சையைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு பச்சையை அவளுக்கு உடுத்த வேண்டாம்."

படம் கறுப்பு வெள்ளையாகவே பதினாறாம் நாள் சுவரில் ஏறியது. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். உள்ளே நாகம்மா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நானும் நம்பினேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடைக்குப் போனால் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். எப்போது எடுத்தது, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள். முக்கியமான சுருள் என்றால் ஒரு துண்டு சோதித்துப் பார்ப்பாரா என்று கேளுங்கள். நெகட்டிவைத் திருப்பி வாங்காமல் வராதீர்கள். பாக்கி இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கேமராவில் வைக்காதீர்கள்; எனக்கு ஒரு தடவை கை கொடுத்தது என்பதற்காக அது நல்ல பழக்கம் ஆகிவிடாது. காஜா பெராங் போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குப் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். வாசலில் நிற்பவர்களை எடுக்கும் முன் கேளுங்கள். இரண்டு படம் எடுங்கள்.

அந்த நெகட்டிவைப் போன வருடம்தான் ஸ்கேன் செய்தோம். சாவித்திரி இப்போது மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கோபால் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நானும் அவளும் மலாக்காவில் ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள், எனக்குப் பிடித்துப்போயிற்று. ஸ்கேன் முடிந்ததும், கம்ப்யூட்டரில் நிறம் போடலாம், உடை என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை, என்றாள் சாவித்திரி. எந்தப் பச்சை, என்றாள் அந்தப் பெண். சாவித்திரி என் பக்கம் திரும்பினாள். சுவரில் இருப்பது அப்படியே இருக்கட்டும், என் போனில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் மாமா, என்றாள். அந்தக் கெபாயாவைப் பார்த்து நினைவில் வைத்திருப்பவன் உயிரோடு நான் ஒருவன்தான். நான் எதைச் சொன்னாலும் இனி அதுதான் நாகம்மாவின் பச்சை. நான் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, கொஞ்சம் நீலம் கலந்தது.

"பாண்டான் இலை மாதிரி" என்றேன். "உன் அப்பா சொன்னது."