மேலே ஏறிய சீட்டு

என் தங்கச்சி சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினாள் என்று அந்த ஆபீசில் பேசியவர்களை இந்த ஆறு வருஷத்தில் நான் மன்னிக்கவில்லை. அவள் ப்ராடக்ட் ஓனர். பேர்தான் ஓனர், உட்கார்ந்த நாற்காலிகூட அவளுடையதில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி, எது முதலில் என்று முடிவு பண்ணிப் பலகையில் மேலிருந்து கீழாகக் குத்தி வைப்பாள். புரோகிராமர்கள் மேலே இருப்பதைத்தான் எடுத்துச் செய்வார்கள். முடித்த பிறகு அவள் பார்த்து, சரி என்று சொன்னால்தான் சீட்டு பலகையை விட்டு இறங்கும். நான் ஒன்பதாவது தாண்டாதவன். அந்த மாடியைத் திறந்து பூட்டுவது என் வேலை.

அவர்கள் செய்தது ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். அதில் ஒரு கோளாறு. நோயாளி பெல்லை அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தினால் நர்ஸின் திரையில் ஒன்றுமே வராது. மூச்சு முட்டுகிறவன் ஒரு தடவையோடு நிறுத்துவானா? அந்தச் சீட்டை அவள் உச்சியில் வைத்தாள். மேனேஜருக்கோ திரைக்குப் புதுக் கலர்தான் முதலில் வேண்டும்.

இந்தச் சண்டை நடக்கும்போதே அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே மேனேஜர் பெல் சீட்டைக் கடைசிக்கு இறக்கினார். மறுநாள் காலை கதவைத் திறக்கிறேன், அது உச்சியில் இருக்கிறது. சாவி என்னிடம் மட்டும்தான்.

“நீதானே மாத்துன?” என்று மேனேஜர் பாய்ந்தார்.

“எது மேல, எது கீழன்னு எனக்கு என்ன சார் தெரியும்?”

மறுபடி இறக்கினார். அடுத்த நாளும் மேலே. அவள் குத்துகிற மாதிரியே இடது பக்கம் சாய்ந்து நின்றது.

நாங்கள் குண்டன் என்று கூப்பிடும் புரோகிராமர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “சாமி வச்சா என்ன, பேய் வச்சா என்னண்ணே? மேல இருந்தா எடுப்பேன்” என்றான். மேனேஜர் வருவதற்குள் அந்த வேலையைத் தொடங்கிவிட்டான். இரண்டு நாளில் முடித்து, அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டும் வந்தான்.

அன்றைக்கு மதியம் அவளைப் பார்க்கப் போனேன். அவள் போன் என் பையில் இருந்தது. ஆபீசிலிருந்து ஒரு ஆளும், குண்டன்கூட, அவள் கட்டில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“குண்டன் முடிச்சிட்டானாண்ணே?”

“உனக்கு யாரு சொன்னா?”

“பலகை முன்னாடி நின்னு நின்னு கால் வலிக்குதுண்ணே.”

ஐந்து நாளாகக் கட்டிலை விட்டு இறங்காதவள்.

அவள் கை பெல்லைத் தேடியது. எடுத்துக் கொடுத்தேன். அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தினாள். நர்ஸ் ஓடி வந்தாள்.

“என்னம்மா, என்ன பண்ணுது?”

தங்கச்சி அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சரியா இருக்கு. நீ போய் அந்தச் சீட்டை எடுத்துடுண்ணே.”