தொட்டிக்குள் வந்த வேர்

வளைகுடா நாடொன்றில் இருபத்திரண்டு வருடம் சாலையோரச் செடிகளைப் பராமரித்தேன். பலதியா என்று நாங்கள் சொல்லும் நகராட்சியில் வேலை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது யாராவது கேட்டால் "பலதியாவுல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆபீஸ் வேலை என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை.

போதும் என்று ஐம்பத்து மூன்று வயதில் ஊரோடு வந்துவிட்டேன். ராமநாதபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். நான் வந்த வருடம்தான் எங்கள் தெருவுக்கு சிமெண்ட் கல் பதித்தார்கள். வீட்டுச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் மரம் வைப்பதற்காக இரண்டடி மண் விட்டிருந்தார்கள். அங்கே வைத்த வேப்பங்கன்றுகளை ஆடுகள் ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. அடுத்து வைத்த புங்கன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பில் இலை ஓரம் கருகி நின்றது. பிறகு யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான் வெளிநாட்டில் செய்தது செடி வேலை என்று. முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் நான்கு பேரோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவோம்.

"காக்கா, பாலைவனத்துலயே மரம் வளத்த ஆளாமே நீங்க. நம்ம தெருவுக்கு ஒரு வழி சொல்லுங்க."

இத்தனை வருடம் மறைத்த வேலையைப் பெருமையாக ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். வந்தவர்களுக்கு என் மனைவி தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்று நாள் தெருவை மேலும் கீழும் நடந்தேன். தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன். மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, ஆடிக் காற்று எந்தச் சந்து வழியாக மணலை வாரிக்கொண்டு வரும் என்றெல்லாம் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். எனக்குத் தெரிந்த மரம் ஒன்றுதான். கோனோகார்பஸ். உப்புத் தண்ணீர் குடிக்கும், வெயிலைப் பொருட்படுத்தாது, வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வெளியூர் நர்சரியிலிருந்து முப்பது கன்று வரவழைத்து நட்டேன். எங்கள் தெரு ஆடு ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

மூன்றாவது வருடம் தெருவே பச்சைச் சுவராக நின்றது. ஜனங்கள் அதற்குத் துபாய் மரம் என்று பேர் வைத்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களும், பள்ளிக்கூடச் சுவரோரம் வைக்க வேண்டும் என்று சிலரும் என்னிடம் வந்து கேட்டார்கள். ஒரு லாரிக் கன்றுக்குச் சொல்லிவைத்தேன்.

எதிர்வீட்டில் ஒரு பெண், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறார். கணவர் வெளிநாட்டில் டிரைவர். தினமும் விடியற்காலையில் இடியாப்பம் அவித்து விற்பார். ஒருநாள் காலை செம்பில் தண்ணீரோடு எங்கள் வாசலில் நின்றார்.

"ராத்தா, இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க. எனக்கு மட்டும்தான் கரிக்கிதா?"

என் மனைவி குடித்துவிட்டு முகம் சுளித்தாள். "ஆமா, உப்பாத்தான் இருக்கு. காவிரித் தண்ணிதான?"

"அதேதான். குழாய்ல பிடிச்சா நல்லா இருக்கு. தரைத்தொட்டிக்குள்ள விட்டு ரெண்டு நாள் ஆனா இப்படி ஆகிருது. மாவே ருசி மாறிப் போச்சுன்னு வாடிக்கைக்காரவுக சொல்றாக."

எங்கள் பக்கம் குழாயில் காவிரிக் குடிதண்ணீர் வருவது சில நாளைக்கு ஒரு முறைதான். அதைப் பூமிக்குள் கட்டிய தொட்டியில் நிரப்பிவைத்துத்தான் எல்லா வீட்டிலும் புழங்குவோம். தொட்டியைச் சுற்றி இருக்கும் நிலத்தடித் தண்ணீர் முழுக்க உப்பு. சுவரில் விரிசல் விழுந்தால் அது உள்ளே வந்துவிடும்.

நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தொட்டி தெருப்பக்கம், சுவரை ஒட்டி இருக்கிறது. அதிலிருந்து நாலடியில் என் மரம். வெளிநாட்டில் ஒரு வீட்டுக்காரர் புகார் கொடுத்து, சூப்பர்வைசர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. கழிவுநீர்க் குழாயைத் தோண்டி வெடித்த இடத்திலிருந்து வேரை நான்தான் இழுத்தேன். நனைந்த தலைமுடிபோல முழம் முழமாக வந்தது. அந்த மரம்தான் இது. கன்று நடும்போது அது எனக்கு நினைவில்லையா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நினைவிருந்தது. இங்கே குழாய்கள் சின்னவை, மரமும் இங்கே அவ்வளவு வளராது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கொத்தனாரக் கூப்பிட்டுப் பாத்துருவோம்" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

இரண்டு நாளில் கொத்தனார் வந்தார். தொட்டியை இறைத்துக் காலி செய்தார்கள். மூடி இருக்கும் வாய் இரண்டடிச் சதுரம். கொத்தனார் கனத்த ஆள், முழங்காலிலும் வலி. "யாராச்சும் ஒல்லியான ஆளு எறங்கிப் பாத்தாத் தேவல" என்றார்.

"நான் எறங்குறேன்" என்று முந்திக்கொண்டேன்.

அந்தப் பெண் பதறினார். "காக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"

"இருக்கட்டும்மா."

என் நல்ல மனசைப் பார்த்து அவர் கண் கலங்கியதைக் கவனித்துக்கொண்டேதான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் என் எண்ணம்.

உள்ளே சில்லென்று இருந்தது. டார்ச் அடித்தேன். தெருப்பக்கச் சுவரின் கீழ் மூலையில் ஒரு விரிசல். அதன் வழியாகப் பழுப்பு நிறத்தில் கைப்பிடி அளவு வேர், சல்லடைபோலப் பின்னி, ஈரத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. மேலே கொத்தனாரின் தலை தெரிந்தது. அவர் நிழல் என் முதுகில் விழுவதை உணர்ந்தேன். முதுகைத் திருப்பி மறைத்துக்கொண்டு வேரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நகத்தால் கிள்ளினேன். மூச்சு வாங்கியது. மூன்றாவது இழுப்பில் அறுந்து வந்தது. சுருட்டிக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

"என்ன பாய், தெரியுதா?"

"வெடிப்பு ஒண்ணு இருக்கு."

"வேரு கீரு எதுவும் உள்ள வந்திருக்கா? வாசல்ல மரம் நிக்கிதே."

"இல்ல" என்றேன்.

தொட்டிக்குள் என் குரல் எதிரொலித்தது. மேலே ஏறி வந்ததும் அந்தப் பெண் துண்டை நீட்டினார். இடுப்பில் வேரின் ஈரம் சட்டையில் பரவுவது எனக்குத் தெரிந்தது. துண்டை வாங்கி அங்கே பிடித்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். கொத்தனார் விரிசலைப் பூசிவிட்டுப் போனார்.

அவசரத்தில் கைலியை மாற்றித் துவைக்கப் போட்டேன். வேரை எடுத்துப் போட மறந்துவிட்டேன். மதியம் என் மனைவி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது என்ன?"

வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"தொட்டிக்குள்ள இருந்ததா?"

"ம்."

"கொத்தனாருக்கிட்ட இல்லன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சே. நான் அங்கனதான நின்னேன்."

பூச்சு போட்டாகிவிட்டது, இனி சரியாகிவிடும், மரத்தின் அந்தப் பக்க வேரை மட்டும் நான் வெட்டிவிடுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வேரை என் முன்னால் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டு இடியாப்பம் வாங்க அவள் போகவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

பதினைந்து நாள் போயிருக்கும். தினமும் காலையில் எதிர்வீட்டு வாசலில் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவேன். யாரிடமாவது அவர் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறாரா என்று ஜன்னலோரம் நின்று கேட்பேன். ஒரு புதன்கிழமை அவர் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. தொட்டியில் விடவில்லை, குடங்களிலும் டிரம்மிலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் பெரிய மகளும் டிரம்மை உள்ளே நகர்த்த முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் உப்பு.

அன்று சாயந்திரமே நர்சரியிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை கன்று லாரி கிளம்புகிறதாம்.

என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் போயிச் சொல்லவா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குக் காலைல நான் எந்திரிச்சுப் பாக்கும்போது நீங்க அந்த வீட்டுல நிக்கணும்."

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராக அங்கே போனேன். ஆவி பறக்கும் தட்டுகளுக்கு நடுவே அவர் இடியாப்பத்தை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு மூன்றாவது ஆள் வந்தார். அவரும் போனார்.

"என்ன காக்கா, எத்தன வேணும்?"

"அன்னைக்குத் தொட்டிக்குள்ள வேரு இருந்துச்சும்மா. நான்தான் பிச்சு எடுத்து மறைச்சேன்."

அவர் கை நின்றது. என்னையே பார்த்தார். ஒன்றும் புரியாததுபோல, "எந்த வேரு?" என்றார்.

"மரத்து வேரு. இது வேர் போடும், சுவர உடைக்கும்னு எனக்கு முந்தியே தெரியும். அங்க பாத்திருக்கேன்."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பைத் தணித்தார். கையைத் துடைத்தார். "நான் எம் வீட்டுக்காரருக்கிட்டப் போன்ல சொன்னேன். அந்தக் காக்கா இந்த வயசுல எறங்கிப் பாத்தாருன்னு. அவரு உங்களுக்காகத் துவா செஞ்சாரு."

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு பாக்குறீங்களா? இந்தத் தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் அந்த மரம் நிக்கிது. எல்லாருக்கிட்டயும் சொல்லுங்க. இன்னைக்கே."

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தெருவில் எல்லாரையும் கூப்பிட்டேன். அவர் வாசல் எதிரில் நின்று, வேரை மறைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மரங்களை எடுத்துவிட வேண்டும் என்றேன். மளிகைக் கடைக்காரர்தான் முதலில் கோபப்பட்டார்.

"ஒரு வீட்டுத் தொட்டி பழசு, வெடிச்சிருச்சு. அதுக்காக முப்பது மரத்தையும் வெட்டணுமா? எந்த ஊருல காக்கா இது நியாயம்?"

"அப்ப உங்க தொட்டியத் தொறந்து பாப்பமா?" என்று வாசலில் நின்றபடியே அந்தப் பெண் கேட்டார்.

திறந்தோம். நான் இறங்கப் போனேன். "நீங்க வேணாம்" என்றார் கடைக்காரர். ஒரு சொல்தான், எல்லார் முன்னாலும். அவருடைய மருமகன் இறங்கினார். தொட்டி சுத்தமாக இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் கோபம் ஏறியது. அடுத்து இரண்டு வீடுகளில் திறந்தார்கள். அங்கேயும் ஒன்றுமில்லை. நான் சொல்வது பொய்யோ என்றுகூட ஒருவர் முணுமுணுத்தார். நான்காவது வீட்டில், உள்ளே போனவரின் குரல் கேட்டது. "இருக்கு. மூடிக்குக் கீழ, வெரல் தண்டிக்கு."

அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. நர்சரிக்குப் போன் செய்து லாரியை நிறுத்தினேன்.

முப்பது மரத்தையும் எடுக்க ஒரு மாதம் ஆனது. வெட்டினால் போதாது, துளிர்க்கும். கடப்பாரை போட்டு வேரோடு கிளப்ப வேண்டும். ஆள் விட்டுச் செய்தாலும் நானும் தினமும் நின்றேன். தெருவில் போகிறவர்கள் சிலர் சலாம் சொன்னார்கள். சிலர் பேசாமல் கடந்தார்கள். கடைசி மரம் சாய்ந்த அன்று தெரு மொட்டையாகி, வெயில் நேராக எல்லா வாசலிலும் விழுந்தது. ஒரு கிழவர் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு, "வச்சவனும் நீயி, புடுங்குனவனும் நீயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து என்ன வைப்பது என்ற பேச்சு வந்தபோது நான் ஒதுங்கி நின்றேன். எதிர்வீட்டுப் பெண்தான் கூப்பிட்டனுப்பினார். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார்.

"அரளி வைக்கலாம்ங்கிறாக. அதப் பத்திச் சொல்லுங்க. நல்லது மட்டும் சொல்லாதீங்க."

"எதையும் தாங்கும். ஆடு தின்னாது. ஆனா விஷம். பிள்ளைக இருக்கிற தெரு."

அந்தப் பெயரை நோட்டில் அடித்துவிட்டார். "பூவரசு?"

"உப்புக்கு நிக்கும். பெரிசாகும், வேரும் ஓடும். தொட்டி, குழா எதுவும் இல்லாத எடத்துல வைக்கலாம். தெருக்கோடி காலி மனையோரம் சரி."

"வீட்டு ஓரத்துக்கு?"

"ஆவாரையும் நொச்சியும். ரெண்டும் சாயல்குடிப் பக்கம் காட்டுல யாரும் தண்ணி விடாமலே நிக்கிது. ஆடு சீக்கிரத்துல வாய் வைக்காது. ஆனா நெழலு கெடைக்காது. துபாய் மரம் மாதிரி பசுமையாவும் இருக்காது. மொத வருசம் பாதி போனாலும் போகும்."

அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஒரு முறைகூடக் காக்கா என்று கூப்பிடவில்லை.

அந்த வருட மழைக்கு முன்னால் நட்டோம். நான் சொன்னதைவிடக் குறைவாகத்தான் பட்டுப்போயின. நொச்சி ஆடிக் காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டது. ஆவாரை மஞ்சளாகப் பூத்தது. அவர் மாடியில் புது பிளாஸ்டிக் தொட்டி வைத்துவிட்டார். அதை ஏற்றிப் பொருத்தும் செலவு என்னுடையது என்று என் மனைவி முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இடியாப்பம் இப்போது மறுபடியும் வாங்குகிறோம். நான் போனால் எண்ணிக் கொடுப்பார், பேசமாட்டார்.

போன மாதம் கடைக்காரர் வீட்டுச் சுவரோரம் ஒரு கோனோகார்பஸ் துளிர் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. நாங்கள் விட்டுவிட்ட ஏதோ ஒரு வேர். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. குனிந்து கிள்ளிவிட்டுப் போய்விடலாம். கடைக்காரர் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேசுவதே இல்லை.

கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார்.

"உங்க சுவத்துக்கிட்ட வேரு ஒண்ணு உசுரோட இருக்கு. தொட்டிப் பக்கமா ஓடியிருக்கான்னு தெரியல. தோண்டிப் பாக்கணும்."

என்னையும் துளிரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலங்காத்தால வந்துட்டீங்களாக்கும்" என்று அலுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டார் என்றே நினைத்தேன். கடப்பாரையோடு வந்தார்.