பூட்டுப் பெட்டிக்குள் போன கை

அந்தக் கிடங்கில் அவளுக்கு 'வாய்ப்பூட்டு' என்றுதான் பெயர். கம்பெனிகள் அழிக்கச் சொல்லி அனுப்பும் பழைய காகிதங்களை மெஷினில் கொட்டித் தூளாக்குவது அவள் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு வரி படித்ததில்லை. "அப்படி என்னதான் இருக்கும் அதுல?" என்று நச்சரித்து நச்சரித்துப் புருஷனுக்கே அலுத்துவிட்டது. பூட்டுத் திறந்த பெட்டிக்குள் கை விட்டால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

அன்று ஒரு கம்பெனியின் பெட்டிகள் வந்திருந்தன. அழிப்பதை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு பெண்ணையும் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவள், கை சும்மா இராமல் தன் பையிலிருந்த உறையைப் பிரித்தாள். முகம் வெளிறிப்போனது. கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"அக்கா, நிறுத்துங்க! காலைல ஆபீஸ்ல டிகிரி சர்டிஃபிகேட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்தேன். கோணலா வந்த ஜெராக்ஸைப் போடறதா நெனச்சு ஒரிஜினலைப் பெட்டியில போட்டுட்டேன்! மத்தியானம் வேற எடத்துல இன்டர்வியூ. அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்க!"

"கண்ணைப் பொடனியிலயா வச்சிருந்த?" என்று கத்திக்கொண்டே வாய்ப்பூட்டு மெஷினை நிறுத்தினாள். மாடியிலிருந்த மேனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ஓட்டு," என்றார் அவர்.

"சார், பாவம், அந்தப் பொண்ணு..."

"ஓட்டுன்னு சொன்னேன்."

மிச்சமிருந்த கடைசிப் பெட்டி வாய் திறந்து கிடந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளைக்காகத் தன் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுக்கொள்வதா? போடாவிட்டால் மட்டும் ராத்திரி தூக்கம் வந்துவிடுமா? ஆனது ஆகட்டும் என்று கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு கையை முழங்கை வரை உள்ளே விட்டாள்.

எல்லாம் மெல்லிசுத் தாள். நடுவில் ஏதோ அட்டை தட்டுப்பட்டது, வழவழவென்றிருந்தது, விட்டுவிட்டாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. இன்னும் ஆழத்தில் ஒரு கெட்டித் தாள், மூலையில் விரலுக்குப் புடைப்பாக முத்திரை. உருவித் தூக்கிப் பிடித்தாள்.

"அதேதான் அக்கா!"

மூடிய கண்ணோடே தடுப்பின் கதவு வரை தடவிப் போய் நீட்டினாள்.

"கண்ணை மூடிக்கிட்டா சரியாப் போச்சா?" மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். "சாவியைக் கொடு. நாளையிலேர்ந்து வராதே."

கொடுத்தாள்.

"சார், தப்பு என்னோடது..." என்று அந்தப் பெண் விசும்பினாள்.

"நீ இன்னும் போகலையா?" வாய்ப்பூட்டு அவள்மேல் எரிந்து விழுந்தாள். "இன்னைக்கு ஒருத்தி வேலை போனது போதும். ஓடுடி, நேரமாச்சு!"