அப்பாவின் படத்தை நடுவில் வைத்தது

இணையப் பக்கம் செய்து கொடுப்பது என் தொழில். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, வாய்க்கால் கரையில் இருக்கிற எங்கள் வீட்டில், நெல் மூட்டை அடுக்கிய அறைதான் என் அலுவலகம். அங்கே இருந்துகொண்டு வெளிநாட்டுப் பலகாரக் கடைக்கும் நகைக் கடைக்கும் பக்கம் செய்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "அவள் கொம்பியூட்டரிலை பெட்டி அடுக்கிறாள்" என்று சொல்வார். நக்கல்தான், ஆனால் பிழையில்லை. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து, அதைச் சொன்ன இடத்தில் நிற்க வைப்பதுதான் என் வேலையில் பாதி.

அப்பா காலமாகி முப்பத்தோராம் நாள் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் அன்றைக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடித்து, சாப்பிட வந்த எல்லாருக்கும் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், கடைசியில் நன்றி. லண்டனில் இருக்கிற சித்தப்பா அது வேண்டாம் என்றார்.

"புத்தகத்தை இப்ப ஆர் பிள்ளை பாக்கினம்? நீ ஒரு வெப்சைட் செய். அண்ணை நடுவிலை நிக்கவேணும், பக்கத்திலை விளக்கு எரியவேணும், மேலை இருந்து பூ விழவேணும்."

விளக்கு சும்மா நின்றால் போதாதாம், சுடரும் ஆட வேண்டுமாம். செத்தவீட்டுக்கே லீவு கிடைக்காத மனுசனுக்குப் போனிலாவது சுடர் ஆடட்டும் என்று ஓம் சொன்னேன்.

படத்துக்குத்தான் பஞ்சம். சண்டைக்குள் ஓடும்போது எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அடையாள அட்டைப் படத்தில் அப்பா களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டிருப்பார். அதைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். மிச்சம் ஒன்றுதான். முன்னொரு காலம் சித்தப்பாவுக்குத் தபாலில் அனுப்பியதால் தப்பிய படம். கோயில் திருவிழாவில் எடுத்தது. இடப்பக்கம் அப்பா சிரிக்கிறார். வலப்பக்கம் அண்ணா, கையை நீட்டி அப்பாவின் தோளில் போட்டிருக்கிறான்.

அண்ணா சண்டையின் கடைசிக் கிழமைகளில் காணாமல் போனவன். இந்தப் படத்தில் இருந்து அவன் முகத்தை மட்டும் பெருப்பித்து, அதைப் பிடித்துக்கொண்டு அம்மா இன்றைக்கும், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடுகிற மற்றத் தாய்மாரோடு தெருவோரக் கொட்டகையில் போய் இருப்பார். ஒருமுறை யாரோ நல்ல மனதோடு அந்தப் படத்தில் ஒரு பூவை வைத்துவிட்டார்கள். அம்மா அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, "செத்தவைக்குத்தான் பூ வைக்கிறது, என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்" என்று கத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

ஒரு மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். இடம் வலமாக நடுவில் வைப்பது சுகம். வெளிப் பெட்டி தன்பாட்டில் திரையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், உள்ளே இருப்பதை நடுவில் நில் என்றால் நிற்கும். மேல் கீழ்தான் கரைச்சல். அதற்கும் நடுவில் நில் என்று எழுதினேன். படம் உச்சியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இத்தனை வருடம் இதே வேலை, இன்னும் இதே இடத்தில்தான் சறுக்குகிறாய் மூதேவி என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். வெளிப் பெட்டிக்கு உயரம் கொடுக்க மறந்திருந்தேன். கொடுக்காவிட்டால் அது உள்ளே இருக்கிற படத்தின் அளவுக்கே நின்றுவிடும். மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை, பிறகு நடு எங்கே இருந்து வரும்? திரையின் முழு உயரமும் உனக்குத்தான் என்று ஒரு வரி எழுதினேன். படம் இறங்கி வந்து சரி நடுவில் நின்றது.

நின்றது படத்தைச் சுற்றிய சட்டம்தான், அப்பா இல்லை. போனுக்கு ஏற்ற மாதிரி ஒடுங்கிய, நெட்டையான சட்டம் போட்டிருந்தேன். அதற்குள் அகலமான படத்தை விட்டால் இரண்டு ஓரத்தையும் மறைத்துவிட்டு நடுப்பகுதியைத்தான் காட்டும். ஒரு பக்கம் அப்பாவின் அரை முகம், மற்றப் பக்கம் அண்ணாவின் அரை முகம், நட்டநடுவில் அப்பாவின் தோளில் அண்ணாவின் கை. பக்கத்தில் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. மேலே இருந்து விழுந்த பூ அந்தக் கையில் பட்டுப் போனது.

படத்தை நகர்த்தினேன். அப்பா முழுதாக வந்தார், கையும் கூடவே வந்தது. இன்னும் வெட்டினால் அப்பாவின் காது போகும். அம்மா இதைக் கண்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கையை அழித்தேன். படம் திருத்துகிற செயலியில், விரல் விரலாக, அப்பாவின் வெள்ளைச் சேட்டின் நிறத்தைப் பூசினேன். தெரியாத ஆள் பார்த்தால் சொல்லவே மாட்டார், அவ்வளவு துப்புரவான வேலை.

அம்மா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"கொண்ணன்ரை கை எங்கை?"

"எடுத்திட்டன் அம்மா. விளக்கும் பூவும் இருக்கெல்லே. உயிரோடை இருக்கிற ஆளின்ரை கை அதுக்குள்ளை கிடக்கப்படாது எண்டு..."

"அவன் போட்ட கையை எடுக்க நீ ஆரடி?"

பிறகு அம்மா கதிரையை இழுத்து இருந்துவிட்டார். கையை விட்டால் அண்ணாவைச் செத்தவர்களோடு சேர்த்த மாதிரி. எடுத்தால் அவன் அங்கே நிற்கவே இல்லை என்ற மாதிரி. அம்மா நோகக்கூடாது என்று செய்த வேலையால்தான் அம்மா நொந்துபோய் இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழாமல் இருக்கும்போது நான் எப்படி அழுவது என்று அடக்கிக்கொண்டேன்.

அம்மா திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த விளக்கை எடுக்கலாமோ?"

"ஓம்."

"பூவை?"

"அதையும் எடுக்கலாம்."

"அப்ப ரெண்டையும் எடு. கையைப் பழையபடி வை. ரெண்டு பேரையும் முழுசா விடு. கொப்பரின்ரை பேரையும் திகதியையும் கொப்பருக்குக் கீழை எழுது. கொண்ணனுக்குக் கீழை ஒண்டும் எழுதாதை."

"சித்தப்பா கத்துவார் அம்மா."

"கத்தட்டும்."

கையை அழிக்காத முதல் படத்தையே எடுத்தேன். சட்டத்தை அகலமாக்கினேன். போனில் படம் சின்னதாகத்தான் தெரிந்தது. மேலேயும் கீழேயும் வெறும் வெள்ளை, நடுவில் இரண்டு பேர்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து நானும் அம்மாவும் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். சித்தப்பா லண்டனில் இருந்து போன் எடுத்தார். என் கையெல்லாம் சவர்க்காரம், அதனால் அவர் குரலை வெளியே கேட்க விட்டேன்.

"என்ன பிள்ளை இது? விளக்கும் இல்லை, பூவும் இல்லை. உனக்கு ஒரு ஆளை நடுவிலை வைக்கத் தெரியாதோ? அண்ணை ஒரு கரையிலை எல்லோ நிக்கிறார்!"

நான் வாய் திறக்க முதல் அம்மா ஈரக் கையோடு போனைப் பறித்தார்.

"தம்பி, நடுவிலை என்ன இருக்கெண்டு நல்லாப் பாருங்கோ. உங்கடை அண்ணையின்ரை தோளிலை என்ரை பிள்ளை போட்ட கை. அதை அவன் வந்து எடுக்கட்டும்."