அக்கா எழுதாமல் விட்ட பக்கம்

ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் அருமையைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தங்கையாகிய நான் என் குற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது தாடிக்கொம்பில். அம்மா சீக்கிரமே தவறிவிட்டதால் எனக்குச் சடை பின்னிவிட்டதும் சோறு பிசைந்து கொடுத்ததும் அவர்தான். வெளியூரில் உடற்கல்விப் பயிற்சி முடித்து, திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்குத்தான் முந்நூறு பிள்ளைக இருக்கே" என்று வாயை அடைத்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், நம் வட்டாரத்தில் விளையாடிய பெண்களின் வரலாற்றை எழுதியே தீருவது என்று கிளம்பினார். எங்கே போய்த் தேடுவது? பத்திரிகையில் ஆண்கள் அணிக்குப் படத்தோடு செய்தி; பெண்களுக்கு ஒரு வரி, அதிலும் பெயர் இராது. அக்கா சளைக்கவில்லை. பள்ளி ஆண்டு மலர்கள், போட்டி நோட்டீஸ்கள், தலைமையாசிரியர் அறையில் தூசி படிந்து கிடக்கும் கோப்பைகளில் வெட்டியிருக்கும் எழுத்து என ஒன்றையும் விடாமல் நோட்டில் ஏற்றினார். கல்யாணமானால் பெண்ணுக்கு இனிஷியலே மாறிவிடுகிறதே! அதனால் பங்குச் சாமியாரிடம் கேட்டுத் திருமணப் பதிவேட்டைப் புரட்டி, யார் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார் என்று பார்த்துப் பஸ் ஏறுவார். "பழைய போட்டோ இருக்காம்மா? பின்னாடி பேரு எழுதியிருக்கா?" இதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், ஆதாரம் கிடைத்த இடத்தை மறக்காமல் எழுதுவார்.

நானும் பள்ளியில் கைப்பந்து ஆடியவள். அக்கா பயிற்சிக்குப் போயிருந்த வருஷம் மாவட்டப் போட்டியில் ஜெயித்தோம். அரை டிராயரோடு பன்னிரண்டு பேரும் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டோம். அந்தக் கோப்பை பின்னாளில் காணாமல் போய்விட்டது. ஆண்டு மலரிலும் செய்தி வரவில்லை.

"நாந்தான் ஆடினேன்கிறேனே, எழுதுக்கா" என்றேன்.

"கூடப் பிறந்தவ சொன்னான்னு எழுதினா எவடி நம்புவா? ஆதாரம் வேணும்டி. அந்தப் படம் எங்க?"

படம் என்னிடம்தான் இருந்தது. செம்பட்டியில் என் மாமியார் வீட்டில் கெடுபிடி அதிகம். முழங்கால் தெரிய மருமகள் நிற்கும் படம் புத்தகத்தில் வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். கிழித்துப்போடவும் மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு அக்கா வாங்கித் தந்த மாதா படத்தின் பின்அட்டையைக் கழற்றி, உள்ளே வைத்து மூடியிருந்தேன். "மழையில நனைஞ்சு வீணாப் போச்சுக்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

நம்பிவிட்டார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? மற்றப் பெண்களைத் தேடி அலைந்தார். ஒட்டன்சத்திரத்தில் ஒருத்தி, "ஏனுங்க டீச்சர், அதை எங்க வீட்டுல அப்பவே கிழிச்சுப் போட்டாங்களே" என்று சொல்லிவிட்டாள். ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள். அப்படி அலைந்துவிட்டு என் வீட்டுக்கு வருவார். செத்த நேரம்கூட உட்காராமல் மாதா படத்தின் முன் முழந்தாளிடுவார். "அந்தப் போட்டோவ எப்படியாச்சும் கண்ணுல காட்டு தாயே" என்று வாய்விட்டு ஜெபிப்பார். பின்னால் நின்று நானும் சிலுவை போட்டுக்கொள்வேன். பாவி நான்!

மாமியார் காலமான பிறகாவது சொல்லியிருக்கலாம். இத்தனை ஊர் அலையவிட்டபின் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டேன். சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அக்கா நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"உங்க டீம் பக்கத்த மட்டும் விட்டு வச்சிருக்கேன்டி. எவளாச்சும் ஒருத்தி கொண்டாருவா" என்றார்.

நான் தலையைக் குனிந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். நான்கு நாளில் அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்ததும் மாதா படத்தை இறக்கி ஆணிகளைப் பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல நீ எது? அட, இவளா! நல்லாத்தான நிக்கிற. இதுக்கா இம்புட்டு வருஷம் ஒளிச்சு வச்ச?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்காவைக் கடைசிவரை முகம் கோணாமல் கவனித்த செவிலியர்களுக்கும், பதிவேட்டைத் திறந்து காட்டிய பங்குத் தந்தைக்கும், பழைய போட்டோ தேடப் பூட்டிக் கிடந்த டிரங்குப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த வீட்டாருக்கும், அக்காவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து சென்ற அவருடைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா விட்டுவைத்த பக்கத்தை நிரப்பி அடுத்த தாளில் அச்சிட்டிருக்கிறோம். படம் இருக்கிறது. அதன் பின்னால் எழுதியிருந்த பன்னிரண்டு பெயர்களும் இருக்கின்றன. அடியில் உள்ள வரியை, அக்கா எழுதும் முறைப்படியே, என் கையால் எழுதினேன்:

ஆதாரம் கிடைத்த இடம்: தங்கை வீடு, மாதா படத்துக்குப் பின்னால்.